ரெட் சாக்ஸின் தலைசிறந்த பேட்டர்கள்: டெட் வில்லியம்ஸுக்கு அடுத்து யார்?

லாண்ஸ்டவுன்_தெரு

சீசன் முடிந்துவிட்டது, குளிரும் வந்துவிட்டது. சண்டை போட ஏதாவது வேண்டுமே. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் வரலாற்றில் சிறந்த பத்து பேட்டர்கள் யார் யார்?

சில விதிகள். பாஸ்டன் சட்டையில் அடித்தது மட்டும்தான் கணக்கு. ஃபீல்டிங், ஓட்டம், குணநலன் எதுவும் சேராது. குறைந்தது ஐந்து சீசனாவது இங்கே அன்றாட பேட்டராக ஆடியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி பேப் ரூத்துக்காகவே போட்டது. இங்கே இருந்த காலத்தில் பெரும்பகுதி அவர் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். பாஸ்டனுக்காக அடித்த ஹோம் ரன்கள் (வேலியைத் தாண்டும் அடிகள்) மொத்தம் 49, அதில் 29 ஒரே சீசனில், 1919-இல். அந்த வருடக் கடைசியிலேயே அவரை யாங்கீஸுக்கு விற்றுவிட்டார்கள். அந்தப் புண்ணை இங்கே கிளற வேண்டாம்.

என் பட்டியல்: டெட் வில்லியம்ஸ், டேவிட் ஓர்டிஸ், கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி (யாஸ்), மேனி ரமிரெஸ், வேட் பாக்ஸ், ஜிம்மி ஃபாக்ஸ், ஜிம் ரைஸ், ட்ரிஸ் ஸ்பீக்கர், டுவைட் எவன்ஸ், நோமார் கார்சியாபாரா.

திட்ட ஆரம்பிக்கலாம்.

எண்கணக்கன்

முதல் இடத்தில் திட்ட ஒன்றுமில்லை. சராசரி (ஒரு முயற்சிக்கு எத்தனை ஹிட்) .344, ஆன் பேஸ் (வாக்கையும் சேர்த்து, அவுட் ஆகாமல் பேஸ் சேரும் விகிதம்) .482, ஸ்லக்கிங் (ஒரு முயற்சிக்கு எத்தனை பேஸ்) .634. அந்த .482 இன்றுவரை மேஜர் லீகின் உச்சம். 2024-இல் கறுப்பின ஆட்டக்காரர்களின் தனி லீகான நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை அதிகாரபூர்வக் கணக்கில் சேர்த்தபோது சராசரியிலும் ஸ்லக்கிங்கிலும் ஜாஷ் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். ஆன் பேஸில் மட்டும் வில்லியம்ஸை யாராலும் அசைக்க முடியவில்லை.

ஆகவே இந்த இழையின் உண்மையான கேள்வி இரண்டாம் இடம்தான். அங்கே உங்கள் பட்டியல் எனக்குப் புரியவில்லை. பாஸ்டனில் ஃபாக்ஸ் .320 / .429 / .605. மேனி .312 / .411 / .588. ஓர்டிஸ் .290 / .386 / .570. மூன்று பத்தியிலும் ஃபாக்ஸ்தான் மேலே. அவரை ஆறாவதில் வைத்துவிட்டு .285 / .379 / .462 வைத்திருக்கும் யாஸை மூன்றாவதில் வைத்திருக்கிறீர்கள். மட்டை மட்டும்தான் கணக்கு என்று விதி போட்டது நீங்கள்தான்.

பழையகஞ்சி

எண்கணக்கன் தம்பி, எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, எந்த வருடத்து எண் என்றும் பார்க்க வேண்டும்.

1968-இல் அமெரிக்கன் லீக் (மேஜர் லீகின் இரு பிரிவில் நம்முடையது) முழுவதும் சேர்ந்து அடித்த சராசரி .230. அந்த வருடம் லீகில் .300-ஐத் தாண்டியவர் ஒரே ஒருவர், யாஸ், .301. பேட்டிங் பட்டம் வென்றவர்களில் வரலாற்றிலேயே மிகக் குறைந்த சராசரி அதுதான் என்று இன்றும் சிலர் கிண்டல் செய்கிறார்கள். பிட்சர்கள் அப்படி மிரட்டிய காலம் அது. மறு வருடமே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டினார்கள், ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கினார்கள். ஆட்டத்தின் அளவையே மாற்ற வேண்டிய நிலைமையில் .301 அடித்த மனிதர்.

ஃபாக்ஸ் ஆடிய 1936-இல் லீக் சராசரியே .289. அந்தக் காலத்தில் மழை பெய்தது போல ஹிட் விழுந்தது.

அப்புறம் 1967. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

அக்டோபர்_ராத்திரி

பட்டியல் சரியாகத்தான் இருக்கிறது. ஓர்டிஸ் இரண்டாவது. விவாதம் முடிந்தது.

எண்கணக்கன்

காரணம் ஏதாவது உண்டா, இல்லை கோஷம் மட்டும்தானா?

அக்டோபர்_ராத்திரி

காரணமா? 2004 அக்டோபர் 18. ஒரே தேதி.

அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் யாங்கீஸ் மூன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னிலை. நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், எதிரே மரியானோ ரிவேரா. மில்லர் வாக் (எல்லைக்கு வெளியே போன நான்கு பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்) வாங்கினார், அவருக்குப் பதிலாக ஓட வந்த டேவ் ராபர்ட்ஸ் இரண்டாம் பேஸைத் திருடினார், பில் முல்லர் அடித்துச் சமன் செய்தார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் பால் குவான்ட்ரில் வீசியதை ஓர்டிஸ் வலப்பக்க புல்பென்னுக்குள் (பிட்சர்கள் தயாராகும் இடம்) தூக்கிப் போட்டபோது நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கும் மேல். அதாவது 18-ஆம் தேதி. அன்று மாலையே ஐந்தாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்துத் துரத்தலைத் தொடங்கி வைத்தவர், பதினான்காவது இன்னிங்ஸில் லோய்சாவிடமிருந்து ஒரு ஒற்றை ஹிட், ஜானி டேமன் ஓடி வந்து சேர்ந்தார். நாள் முடியவில்லை, இரண்டாவது முறையாக ஆட்டத்தை முடித்துவைத்துவிட்டார்.

மூன்று பூஜ்யத்திலிருந்து மீண்டு வந்து தொடரை வென்ற அணி மேஜர் லீகில் அதுவரை கிடையாது, அதற்குப் பிறகும் கிடையாது. 86 வருடம் கழித்து உலகத் தொடர் (இரு லீக் வெற்றியாளர்கள் மோதும் இறுதித் தொடர்) கோப்பை. ஃபாக்ஸ் சம்பாதித்த .605-ஐ எடுத்துக்கொண்டு இதற்கு ஈடு சொல்லுங்கள், பார்ப்போம்.

கவர்_டிரைவ்

வணக்கம், இந்தக் குழுவுக்குப் புதிது. கிரிக்கெட்டில் வளர்ந்தவன், பாஸ்டனுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் இதைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு அடிப்படைக் கேள்வி. வாக் என்பது பிட்சர் தவறாக வீசியதால் கிடைப்பதுதானே? நம் வைட் பந்து மாதிரி. அதை ஏன் பேட்டரின் கணக்கில் சேர்க்கிறீர்கள்?

வூஸ்டர்_அக்கா

நல்ல கேள்வி, கவர்_டிரைவ். வைட் பந்து யார் ஆடினாலும் வைட்தான். இங்கே அப்படி இல்லை. எல்லைக்கு வெளியே போகும் பந்துக்கு மட்டையைச் சுழற்றிவிட்டால் அது ஸ்ட்ரைக் ஆகிவிடும். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து ஒரு அங்குலம் உள்ளேயா வெளியேயா என்று அரை நொடிக்கும் குறைந்த நேரத்தில் முடிவெடுத்து மட்டையை அடக்க வேண்டும். அந்த அடக்கம்தான் பேட்டரின் திறமை. பிட்சருக்கு வேறு வழியில்லாமல் பந்தை நடுவில் கொண்டுவர வைக்கும் திறமையும் அதுவே.

வில்லியம்ஸ் தொழில் வாழ்க்கை முழுவதும் வாங்கிய வாக் 2,021. ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆனது 709 முறை மட்டும். 521 ஹோம் ரன் அடித்த மனிதருக்கு இந்த விகிதம் வருவதே அதிசயம். 1941-இல் 147 வாக், 27 ஸ்ட்ரைக் அவுட். இன்றைய பெரிய அடிகாரர்கள் சிலர் 27 ஸ்ட்ரைக் அவுட்டை மூன்று வாரத்தில் முடித்துவிடுவார்கள்.

1941 என்றதும் கடைசி நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. சீசன் முடிய ஃபிலடெல்ஃபியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பாக்கி. வில்லியம்ஸின் சராசரி .39955. வட்டமாக்கினால் .400. மேலாளர் ஜோ க்ரோனின், வேண்டுமானால் உட்கார்ந்துகொள், சராசரி பத்திரமாக இருக்கும் என்றார். ஆடுகிறேன் என்று போனார். முதல் ஆட்டத்தில் ஐந்துக்கு நான்கு, அதாவது ஐந்து முயற்சியில் நான்கு ஹிட். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாவதிலும் ஆடி மூன்றுக்கு இரண்டு. முடிவு .406. அந்த வருடம் சாக்ரிஃபைஸ் ஃப்ளையும் (தான் அவுட்டாகி இன்னொருவரை ரன் எடுக்க வைக்கும் உயர அடி) அவுட்டாகவே எழுதப்பட்டது. இன்றைய விதியில் கணக்கிட்டால் இன்னும் மேலே போகும். அதற்குப் பிறகு அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் ஒரு முழு சீசனில் .400-ஐ ஒருவரும் தொடவில்லை. இந்த அழகுக்கு அந்த வருடத்து எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) பட்டம் யாங்கீஸின் டிமாஜியோவுக்குப் போனது, அவர் 56 ஆட்டம் தொடர்ந்து ஹிட் அடித்ததற்காக.

கவர்_டிரைவ்

நன்றி அக்கா. பிராட்மேன் கடைசி இன்னிங்ஸில் நான்கு ரன் எடுத்தால் சராசரி நூறு என்று இறங்கி டக் ஆனார். இவர் இறங்கி ஆறு ஹிட் அடித்திருக்கிறார்! யார் பெரியவர் என்று கேட்க மாட்டேன், அடி வாங்க மனமில்லை.

எண்கணக்கன்

அக்டோபர்_ராத்திரிக்கு வருகிறேன். அக்டோபரில் நடக்கும் கோப்பை ஆட்டங்களை வைத்துத்தான் தரம் பிரிக்க வேண்டும் என்றால் வில்லியம்ஸை முதலிடத்திலிருந்து இறக்குங்கள். அவர் ஆடியது ஒரே ஒரு உலகத் தொடர், 1946. இருபத்தைந்துக்கு ஐந்து, .200. ஒரு டபுள்கூட (இரண்டு பேஸ் ஹிட்) இல்லை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம்.

செய்வீர்களா? மாட்டீர்கள். ஏனென்றால் இருபத்தைந்து முறை மட்டை சுழற்றியதை வைத்து ஒரு மனிதரை அளக்கக் கூடாது என்று உங்களுக்கே தெரியும். அதே அளவுகோலை ஓர்டிஸுக்கும் வையுங்கள்.

வூஸ்டர்_அக்கா

அந்த 1946-க்கு ஒரு பின்கதை உண்டு. நேஷனல் லீகில் கார்டினல்ஸும் டாட்ஜர்ஸும் சமமாக முடித்ததால் அவர்களுக்குள் தனி ஆட்டங்கள் வைக்க வேண்டியதாயிற்று. நம் ஆட்கள் சும்மா உட்கார்ந்து துருப்பிடிக்க வேண்டாம் என்று நடுவில் ஒரு கண்காட்சி ஆட்டம் வைத்தார்கள். அதில் மிக்கி ஹாஃப்னர் வீசிய பந்து வில்லியம்ஸின் முழங்கையில் பட்டு வீங்கிவிட்டது. அவர் அதைச் சாக்காகச் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

அந்தக் கோடையிலேயே கிளீவ்லாந்தின் லூ பூட்ரோ ஃபீல்டர்களை எல்லாம் வலப்பக்கம் குவித்து நிறுத்தும் தந்திரத்தைத் தொடங்கிவிட்டார். தொடரில் கார்டினல்ஸும் அதைப் பயன்படுத்தினார்கள். இடப்பக்கம் மைதானமே காலி. மெதுவாகத் தட்டிவிட்டாலே ஹிட். மனிதர் பெரும்பாலும் பிடிவாதமாக வலப்பக்கமே இழுத்து அடித்தார். பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று எனக்கே கோபம் வரும்.

அக்டோபர்_ராத்திரி

வில்லியம்ஸுக்கு 25 வாய்ப்பு. ஓர்டிஸ் பிளேஆஃபில் ஆடியது பாஸ்டனுக்கு மட்டுமே 76 ஆட்டம். சின்ன மாதிரி என்று ஒதுக்க முடியாது. 2004, 2007, 2013 என மூன்று கோப்பை.

2013-ஐ மறந்துவிட்டீர்களா? டெட்ராய்ட்டுக்கு எதிராக இரண்டாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், ஐந்துக்கு ஒன்று என்று பின்தங்கல், பேஸ்கள் நிறைந்திருக்கின்றன, பெனுவா வீசிய முதல் பந்து. டோரி ஹன்ட்டர் சுவரைத் தாண்டி புல்பென்னுக்குள் தலைகீழாக விழுந்தார். பக்கத்திலேயே ஒரு போலீஸ்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அடுத்து உலகத் தொடரில் பதினாறுக்குப் பதினொன்று, .688. அணியில் மற்ற எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் .200-ஐக்கூடத் தொடவில்லை.

பழையகஞ்சி

சாப்பிட்டாயிற்று. 1967.

முந்தைய வருடம் பத்து அணி லீகில் ஒன்பதாவது இடம். நம் மைதானமான ஃபென்வேயில் கூட்டமே இல்லை. அந்த அணி 1967 செப்டம்பர் கடைசியில் மினசோட்டா, டெட்ராய்ட், சிகாகோ மூன்றோடும் மல்லுக்கட்டி நிற்கிறது. யாஸ் கடைசிப் பன்னிரண்டு ஆட்டத்தில் 44-க்கு 23. மினசோட்டாவுடன் கடைசி இரண்டு ஆட்டமும் வென்றால்தான் வாழ்வு. எட்டுக்கு ஏழு அடித்தார். எட்டுக்கு ஏழு! வருட முடிவில் .326, 44 ஹோம் ரன், 121 ஆர்பிஐ (அவர் அடியால் வந்த ரன்கள்), ட்ரிபிள் கிரவுன், அதாவது மூன்றிலும் லீக் முதலிடம். அதன் பிறகு 2012-இல் மிகேல் கப்ரேரா வரும்வரை 45 வருடம் யாரும் அதைச் செய்யவில்லை. உலகத் தொடரிலும் .400, மூன்று ஹோம் ரன். எதிரணி பிட்சிங்கில் பாப் கிப்சன் இருந்தார், தோற்றோம், அது வேறு கதை.

அக்டோபர் தம்பி, நெருக்கடியில் அடிப்பதுதான் அளவுகோல் என்றால் ஒரு மாதம் முழுக்க நெருக்கடியில் அடித்தவர் இவர்.

23 சீசன், 3,308 ஆட்டம், 3,419 ஹிட், எல்லாம் ஒரே சட்டையில். டெட் வில்லியம்ஸ் காலி செய்த இடத்தில் மறு வருடமே 21 வயதில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நான் இந்த ஊருக்குப் படிக்க வந்தபோது அவர் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். அப்போதும் மட்டையை வானத்தைப் பார்த்து நிமிர்த்திப் பிடிப்பார்.

எண்கணக்கன்

ஐயா, அதே யாஸ்தான் 1975 உலகத் தொடரின் கடைசி அவுட். 1978-இல் யாங்கீஸுடன் சமன் முறிக்க வைத்த அந்த ஒற்றை ஆட்டத்தில், அவர்களுடைய கோசேஜ் வீச, இரண்டு பேர் பேஸில் நிற்க, மூன்றாம் பேஸ் பக்கம் மேலே தூக்கிக் கொடுத்துக் கடைசி அவுட் ஆனவரும் அவரே.

பழையகஞ்சி

அதே 1978 ஆட்டத்தில் ரான் கிட்ரியிடமிருந்து முதல் ரன்னை ஹோம் ரன்னாக அடித்தவர் யார்? அந்த வருடம் 25 வெற்றி, 3 தோல்வி என்று ஆடிய கிட்ரி. அதையும் எழுதியிருக்கலாமே.

மூன்றாம்_பேஸ்

எல்லோரும் ஹோம் ரன் பின்னாலேயே ஓடுகிறீர்கள். வேட் பாக்ஸ் பேச்சையே காணோம்.

பாஸ்டனில் பதினொரு சீசன், .338 / .428. ஐந்து பேட்டிங் பட்டம். 1983 முதல் 1989 வரை தொடர்ந்து ஏழு வருடம் 200 ஹிட். 1985-இல் 240. தினமும் ஆட்டத்துக்கு முன் கோழிக்கறி, தினமும் ஒரே நேரத்தில் பயிற்சி ஓட்டம், மட்டை பிடிக்கும் முன் மண்ணில் ஒரு ஹீப்ரு சொல். இவ்வளவு சடங்கு நம் ஊர் அர்ச்சகருக்குக்கூடக் கிடையாது.

என் பட்டியலில் அவர் இரண்டாவது. அவுட் ஆகாமல் இருப்பதுதான் பேட்டரின் முதல் வேலை என்று அக்கா சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்.

அக்டோபர்_ராத்திரி

யாங்கீஸ் சட்டையில் போலீஸ் குதிரை மேல் ஏறி நியூயார்க் மைதானத்தைச் சுற்றி வந்தாரே, அந்த பாக்ஸா?

மூன்றாம்_பேஸ்

குணநலன் சேராது என்பது விதி. குதிரையும் சேராது.

லாண்ஸ்டவுன்_தெரு

குதிரை சேராது, உறுதி செய்கிறேன்.

ஆனால் மைதானம் சேரும் என்று நினைக்கிறேன். ஃபென்வே இல்லாமல் இந்தப் பட்டியலில் பாதிப் பேரைப் பேச முடியாது. இடப்பக்கச் சுவர் 37 அடி உயரம், ஹோம் பேஸிலிருந்து சுமார் 310 அடிதான். மற்ற மைதானத்தில் சாதாரணமாகக் கைக்குள் விழும் பந்து இங்கே சுவரில் பட்டு டபுள் ஆகும். பாக்ஸ் இடக்கை ஆட்டக்காரர். பந்தைத் தாமதமாகச் சந்தித்து இடப்பக்கச் சுவருக்கு அனுப்புவதையே தொழிலாக வைத்திருந்தார். அவருடைய சொந்த மைதான எண்களும் வெளியூர் எண்களும் வேறு வேறு மனிதர்களுடையவை போல இருக்கும். ஃபாக்ஸும் அப்படித்தான். 1938-இல் அடித்த 50 ஹோம் ரன்னில் 35 ஃபென்வேயில். அதனால்தான் அவரை இறக்கினேன், எண்கணக்கன்.

வில்லியம்ஸ் விஷயம் தலைகீழ். வலப்பக்கம் இழுத்து அடிக்கும் இடக்கை ஆட்டக்காரருக்கு ஃபென்வே அவ்வளவு இரக்கம் காட்டாத இடம். கம்பத்தடியில் 302 அடி, அங்கிருந்து சட்டென்று விரிந்து புல்பென் பக்கம் 380 அடி. அந்த புல்பென்களே அவருக்காக 1940-இல் கட்டியவை. அதற்கு முன் வேலி இன்னும் இருபது அடிக்கு மேல் தள்ளி இருந்தது. வேடிக்கை என்னவென்றால், 1939-இல் 31 ஹோம் ரன் அடித்தவர், வேலியைக் கிட்டே கொண்டுவந்த வருடம் அடித்தது 23 தான். வலப்பக்க மேல்வரிசையில் ஒரே ஒரு சிவப்பு நாற்காலி இருக்கிறதே, 1946-இல் 502 அடி போய் விழுந்த பந்துக்காக வைத்தது. உட்கார்ந்து பார்த்தால் ஹோம் பேஸ் எங்கோ கிடக்கும்.

எண்கணக்கன்

ஃபாக்ஸை மைதானத்துக்காக இறக்கினால் ரைஸையும் இறக்க வேண்டும். 1978 ரைஸ் பிரமாதம், மறுக்கவில்லை: 46 ஹோம் ரன், 213 ஹிட், 406 டோட்டல் பேஸ், எம்விபி. ஆனால் மொத்தக் கணக்கில் ஆன் பேஸ் .352. அவரோடு பக்கத்தில் ஆடிய டுவைட் எவன்ஸ் .369. 1984-இல் ரைஸ் 36 டபுள் பிளேயில் (ஒரே அடியில் இரண்டு அவுட்) சிக்கினார், ஒரு சீசனுக்கு அதுவே இன்றும் சாதனை. 1980-களில் அமெரிக்கன் லீகில் அதிக ஹோம் ரன் அடித்தவர் யார் தெரியுமா? எவன்ஸ். ரைஸ் இல்லை. ரைஸ் 2009-இல், கடைசி வாய்ப்பில், ஹால் ஆஃப் ஃபேமுக்குள் (பேஸ்பாலின் புகழ் மண்டபம்) போனார். எவன்ஸ் இன்னும் வாசலில்.

பழையகஞ்சி

இதில் தம்பியோடு முழு உடன்பாடு. தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவர்_டிரைவ்

மேனி ரமிரெஸ் பற்றி யாரும் பேசாமல் நழுவுவது ஏன்? எண்ணைப் பார்த்தால் ஓர்டிஸை விட மேலே இருக்கிறார். 2004 உலகத் தொடரின் எம்விபியும் அவர்தான் என்று படித்தேன். ஊக்கமருந்து காரணமா?

நெறியாளர்

ஊக்கமருந்து விஷயம் பேசலாம். உறுதியாக வெளியானதை மட்டும் எழுதவும். ஊகம் எழுதினால் நீக்கப்படும்.

வூஸ்டர்_அக்கா

உறுதியானது இவ்வளவு. மேனிக்கு 2009-இல் 50 ஆட்டத் தடை, அப்போது அவர் டாட்ஜர்ஸ். 2011-இல் இன்னொரு முறை, அப்போது டாம்பா. ஓர்டிஸ் பெயர் 2003-இல் ரகசியமாக நடந்த ஆய்வுப் பரிசோதனைப் பட்டியலில் இருந்ததாக 2009-இல் செய்தி வந்தது. தண்டனைக்குரிய பரிசோதனைகள் 2004-இல் தொடங்கிய பிறகு அவர் ஒரு முறைகூடச் சிக்கவில்லை. அந்த 2003 முடிவுகளில் சிலவற்றின் மேல் அறிவியல் ரீதியாகவே சந்தேகம் உண்டு என்று ஆணையர் மேன்ஃப்ரெட் 2016-இல் சொன்னார். ஓர்டிஸ் 2022-இல் முதல் வாய்ப்பிலேயே ஹால் ஆஃப் ஃபேம் போனார், மேனி போகவில்லை.

எனக்கு மேனி இரண்டாவது. தடைகள் பாஸ்டனுக்குப் பிறகு வந்தவை என்பதால் அல்ல. அவரைப் போல வலக்கையால் பந்தை அடித்தவரை நான் நேரில் பார்த்ததில்லை. 2002 பேட்டிங் பட்டம், 2004-இல் லீகிலேயே அதிக ஹோம் ரன். இடையிடையே ஃபென்வேயின் இடப்பக்கப் பச்சைச் சுவருக்குள் இருக்கும் அறைக்குள் மறைந்துவிடுவார், பிட்சர் அடுத்த பந்து வீசும் நேரத்தில் ஓடி வருவார். மட்டையைக் கையில் எடுத்தால் மட்டும் வேறு ஆள்.

இன்னொன்று. மேனி இங்கே இருந்த கடைசி வருடங்களில் ஓர்டிஸுக்குப் பின்னால் இறங்கக் காத்திருந்தவர் பெரும்பாலும் அவர்தான். ஓர்டிஸுக்கு வாக் கொடுத்துவிட்டுத் தப்பலாம் என்று எந்தப் பிட்சரும் நினைக்க முடியாது. அந்த லாபத்தையும் கணக்கில் எடுங்கள்.

அக்டோபர்_ராத்திரி

அக்கா, 2016-இல் மேனி இல்லை. ஓர்டிஸுக்கு வயது 40. விடைபெறும் சீசன். .315, 38 ஹோம் ரன், 127 ஆர்பிஐ, 48 டபுள். ஓபிஎஸில் (ஆன் பேஸும் ஸ்லக்கிங்கும் கூட்டியது) லீகிலேயே முதலிடம். குதிகால் வலியோடு. பின்னால் யார் நின்றார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை.

வூஸ்டர்_அக்கா

அது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் மேனி.

இந்தப் பட்டியல் தொடர்பாக வேறொன்று சொல்ல வேண்டும். 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ் என்று மூன்று கறுப்பின ஆட்டக்காரர்களை ஃபென்வேக்கு அழைத்துத் தேர்வு நடத்தினார்கள். நகர மன்ற உறுப்பினர் ஒருவரின் நெருக்குதலுக்காக நடத்திய கண்துடைப்பு. மூவரையும் திரும்பக் கூப்பிடவே இல்லை. இரண்டு வருடத்தில் ராபின்சன் டாட்ஜர்ஸில். அப்புறம் பர்மிங்ஹாமில் ரெட் சாக்ஸின் கீழ்நிலை அணி ஆடிய அதே மைதானத்தில்தான் பிளாக் பேரன்ஸ் அணியும் ஆடியது. அதில் வில்லி மேஸ் என்ற பையன். நம் ஆட்கள் பார்த்தார்கள், வேண்டாம் என்றார்கள்.

மேஜர் லீகில் கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்த்த கடைசி அணி நம்முடையது. 1959, பம்ப்சி கிரீன். ராபின்சன் ஓய்வுபெற்றே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வில்லியம்ஸுக்கு அடுத்த இடது பக்கம் யாஸ், நடுவில் மேஸ் என்று இருந்திருக்க வேண்டிய பட்டியல் இது. இரண்டாம் இடத்துக்கு நாம் அடித்துக்கொள்வதே அந்த முட்டாள்தனத்தின் மிச்சம்தான்.

பழையகஞ்சி

வில்லியம்ஸைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கிரீன் வந்த பிறகு ஆட்டத்துக்கு முன் அவரோடு பந்து எறிந்து பயிற்சி செய்தவர் வில்லியம்ஸ். 1966-இல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் நின்று, சாட்செல் பேஜும் ஜாஷ் கிப்சனும் வாய்ப்புத் தரப்படாத ஒரே காரணத்தால் இங்கே இல்லை, ஒரு நாள் வர வேண்டும் என்று பேசினார். அப்போது அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவருடைய அம்மா வழி மெக்சிகோ. அதை அவர் ஊருக்குச் சொல்லிக்கொண்டதில்லை.

கவர்_டிரைவ்

இப்போது ஆளே வேறாகத் தெரிகிறார். 521 ஹோம் ரன் என்றீர்கள். போரினால் எத்தனை வருடம் போயிற்று?

பழையகஞ்சி

1943, 44, 45 முழுசாகப் போயிற்று. 24 முதல் 27 வயது. பிறகு கொரியப் போருக்கு 1952-இல் மறுபடி அழைப்பு. அந்த இரண்டு சீசனில் சேர்த்து 43 ஆட்டம்தான். மரைன் விமானியாக 39 தாக்குதல் பறப்புகள், சிலவற்றில் ஜான் கிளென்னின் விமானத்துக்குப் பக்கத்தில் துணையாகத் தன் விமானத்தில் பறந்தவர். ஆமாம், பின்னாளில் பூமியைச் சுற்றி வந்த அதே கிளென். 1953 பிப்ரவரியில் அடிபட்ட விமானத்தைச் சக்கரமில்லாமல் வயிற்றால் தரையில் இறக்கி, இறங்கி ஓடினார். அதே கோடையில் திரும்பி வந்து 37 ஆட்டத்தில் .407, 13 ஹோம் ரன்.

அப்புறம் 1957-இல், 39-ஐத் தொடும் வயதில், .388. ஓடி எடுக்கும் ஹிட்டே இல்லாத வயதில்.

எண்கணக்கன்

ஐந்து வருடத்தில் வருடத்துக்கு முப்பது என்று சும்மா போட்டாலும் 670-க்குக் கிட்டே வரும். ஆனால் அடிக்காததை எண்ணக் கூடாது என்பது என் கொள்கை, ஆகவே 521.

லாண்ஸ்டவுன்_தெரு

இதுவரை இரண்டாம் இடத்துக்கு: ஓர்டிஸ் இரண்டு, நானும் அக்டோபரும். ஃபாக்ஸ், யாஸ், மேனி, பாக்ஸ் ஆளுக்கு ஒன்று. ஸ்பீக்கருக்கு யாரும் இல்லை. .337 அடித்துவிட்டு, 1912, 1915 என்று இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு ஓட்டுகூட இல்லாமல் நிற்கிறார் பாவம். கவர்_டிரைவ், உங்கள் ஓட்டு?

கவர்_டிரைவ்

யாஸ். எட்டுக்கு ஏழு என்று படித்ததும் முடிவு செய்துவிட்டேன்.

பழையகஞ்சி

இந்தப் பையன் தேறிவிட்டான்.

அக்டோபர்_ராத்திரி

சமன். கூடுதல் இன்னிங்ஸ். கூடுதல் இன்னிங்ஸில் யார் அடிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம்_பேஸ்

ஒரு சந்தேகம். மூக்கி பெட்ஸ் ஏன் பத்திலேயே இல்லை? 2018-இல் .346, 32 ஹோம் ரன், எம்விபி, கோப்பை. ஐந்து முழு சீசன் விதிக்கும் பொருந்துகிறாரே.

லாண்ஸ்டவுன்_தெரு

பெட்ஸை 2020-இல் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்ததைப் பற்றிப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள். இங்கே வேண்டாம், மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

எண்கணக்கன்

தொடங்கும்போது, அதேபோல வேறு அணிக்குக் கொடுத்துவிட்ட டெவர்ஸையும் தலைப்பில் சேர்த்துவிடுங்கள். இரண்டு இழை எதற்கு?